தட்டில் நாலு கம்மல்

அந்தப் பித்தளைத் தட்டில் மஞ்சள் அரிசி பரப்பியிருந்தார்கள். அரிசியின் மேல் நாலு கம்மல் கிடந்தது. நாலும் நான் செய்தது.

சோழவந்தானுக்கு மேற்கே, வைகையை ஒட்டி ஒரு கருப்பசாமி கோயில். காதுகுத்து விசேஷம். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கிடாய்க்கறி கொதிக்கிற வாசனை மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் சுற்றி வந்தது.

"ஏம்மா, இதுல எது என்னோடது?" என்று கேட்டார் குழந்தையின் மூத்த தாய்மாமன் முத்தையா.

"என்னோடது எதுன்னும் சேர்த்துச் சொல்லிருங்கக்கா" என்றார் இளைய தாய்மாமன் பாண்டி.

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற சனமும் என்னைத்தான் பார்த்தது. கையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரங்களில் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் புதிதாகப் பத்திரிகையைப் பிரித்தவர்கள் முழித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

தையலில் இடமில்லை

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பா தறி, தாத்தா தறி, மாமா சாயப்பட்டறை. நகைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே தொடர்பு, அவசரத்துக்கு அதை அடகு வைப்பதுதான்.

நான் பெண்கள் பயிற்சி நிலையத்துக்குத் தையல் படிக்கத்தான் போனேன். தையல் பிரிவு நிரம்பிவிட்டது. "நகை செய்யுறதுல ஒரு எடம் கெடக்கு. சேர்றியா, நகர்றியா?" என்றார் எழுத்தர். பின்னால் நீள வரிசை. "சேர்றேன் சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டு எடுத்த முடிவுகளில் இதுதான் உருப்பட்டது.

முதல் வாரம் ஊதுகுழலை ஊதி ஊதிக் கன்னம் வலித்தது, சோறு மெல்ல முடியவில்லை. அம்மாவுக்கு மகா கோபம். "ஆம்பளைங்க செய்யுற வேலைக்கு நீ எதுக்குடி?" என்று பேச்சையே நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு நாள் அவள் மூக்குத்தித் திருகாணி கழன்று எங்கோ விழுந்துவிட்டது. நான் ஒன்று செய்து மாட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தாள். மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. அன்று ராத்திரி எனக்கு இரண்டு தோசை கூடுதலாக விழுந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கே.கே. நகரில் வாடகைக்கு வந்தோம். முன்னறையில் ஒரு பலகை, ஒரு விளக்கு, அரம், சாமணம் என்கிற சின்ன இடுக்கி, கம்பி இழுக்கிற தகடு. இதுதான் என் பட்டறை. யாரிடமும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். "எங்க கடைக்குச் செய்யுங்க, மாசாமாசம் வேலை குடுக்குறோம்" என்றார்கள். மாட்டேன் என்றேன். கடைக்குச் செய்தால் நூறு கம்மல் செய்வேன், ஒரு காதைக்கூடப் பார்க்க மாட்டேன். அது எனக்குச் சரிப்படாது.

காலையில் வாசல் தெளித்ததும் பட்டறைத் தரையை நானே பெருக்குவேன். அந்தக் குப்பையைக் கொட்டக் கூடாது. அதில் தங்கப்பொடி இருக்கும். டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர், வாய்க் கொழுப்பு கொஞ்சம் உண்டு. "ஊரெல்லாம் குப்பையை வெளியே கொட்டுது, எங்க வீட்டுல பீரோவுல வச்சுப் பூட்டுறோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பக்கத்தில் குழந்தை டாக்டரின் கிளினிக். ஊசி போட்ட பிள்ளைகள் அலறிக்கொண்டே எங்கள் ஜன்னலைக் கடக்கும். உள்ளே விளக்குச் சுடர் நீலமாய்ச் சாய்வதைப் பார்த்தால் அழுகை பாதியில் நின்றுவிடும். தாய்மார்கள் அதற்காகவே ஜன்னலோரம் ஒரு நிமிஷம் நிற்பார்கள். நானும் ஒரு ஊது கூடுதலாக ஊதுவேன். அந்த வாய் பிளந்த முகங்களைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இன்னொரு சந்தோஷம் திருகாணி. புதுத் திருகாணியைச் சுற்றும்போது கடைசிச் சுற்றில் ஒரு சின்ன இறுக்கம் விரலுக்குத் தெரியும். அந்த இறுக்கம் சரியாக வந்துவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது. சாயங்காலம் தெருமுனைக்குப் போய்ப் பருத்திப்பால் குடிப்பேன். வராவிட்டால் யாரும் என்னிடம் பேசாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

முகம் மறக்கும், காது மறக்காது

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போவோம். அப்போதெல்லாம் குளத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். சுற்றுச் சுவரில் உட்கார்ந்து அவித்த கடலையைத் தின்றுகொண்டே என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்ப்பார். நான் காது பார்ப்பேன்.

சும்மா சொல்லவில்லை. எனக்கு மனிதர்களின் முகம் மறந்துவிடும், காது மறக்காது. மடல் தடித்த காது, ஓட்டை கீழே இறங்கிய காது, ஒன்று மேலே ஒன்று கீழே குத்திவிட்ட காது என்று எத்தனை விதம்! யாரோ அவசரத்தில் குத்திவிட்டுப் போயிருப்பான், அந்தப் பெண் ஆயுசுக்கும் கோணல் கம்மலோடு திரிவாள். பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒரு முறை டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மா. அவர் கம்மலின் திருகாணி கழன்று விழுகிற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. பேருந்து பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது இன்னும் ஒரு சுற்று கழன்றது. பொறுக்க முடியாமல் கையை நீட்டித் திருகிவிட்டேன். "ஐயோ, திருடி, திருடி!" என்று அந்த அம்மா போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

கண்டக்டர் வந்து, "ஏன்க்கா, பார்த்தா நல்ல குடும்பத்துப் பொம்பளையா இருக்கீக?" என்றார். "காதைத் தொட்டுப் பாருங்க, இருக்கா இல்லையான்னு" என்றேன். அந்த அம்மா தொட்டுப் பார்த்தார். இருந்தது. முன்னைவிட இறுக்கமாகவே இருந்தது. இறங்கும்போது என் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனவர், மறுவாரம் மகளோடு வந்து நின்றார்.

இப்படித்தான் ஆள் சேர்ந்தது. பெயர் போய், எல்லோருக்கும் நான் கம்மலக்கா ஆனேன். என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆள் சேர்ந்ததும் வாயும் சேர்ந்துவிட்டது. "நான் செஞ்ச நகை எதுவானாலும் சரி, கண்ணைக் கட்டிக்கிட்டுத் தடவிப் பார்த்தே யாருக்குச் செஞ்சதுன்னு சொல்லிருவேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அடித்து விடுவேன். அடித்து விடுவது என்ன, உண்மைதான். இரண்டு மூன்று முறை பந்தயம் கட்டி ஜெயித்தும் இருக்கிறேன். கே.கே. நகரைத் தாண்டி சோழவந்தான் வரைக்கும் இந்தப் பேச்சு போயிருந்தது.

இரண்டு மாமன், ஒரு அச்சு

செல்வராணி எங்கள் பின் தெருவில் குடியிருந்த பெண். சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை. ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்துவிட்டு, நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் வந்து குத்தணும்க்கா."

"வாரேன். கம்மல் யாரு போடுறா? தாய்மாமன்தானே?"

அதைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிவிட்டது. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

அவளுக்கு இரண்டு அண்ணன்கள். அப்பா இருந்தவரைக்கும் ஒரே வெற்றிலைக் கொடிக்கால், ஒரே கிணறு, ஒரே மோட்டார். அப்பா போன பிறகு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்பதில் தகராறு. கைகலப்பு வரை போய், சில வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் தங்கச்சி மகள் என்றால் இருவருக்கும் உயிர்.

"யாரு கம்மல் மொதல்ல காதுல ஏறுதோ, மத்தவரு பந்தியில உக்காராம எந்திரிச்சுப் போயிருவாராம். போனா போனதுதானாம், என் வாசப்படியை மிதிக்க மாட்டாராம். ரெண்டு பேரும் இதையே சொல்லுறாங்க. எனக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. இவங்க ரெண்டு பேரும்தான்க்கா எனக்குப் பொறந்த வீடு. காதுகுத்துல பாதி வீட்டைத் தொலைச்சிருவேன் போலருக்கு."

"பார்த்துக்கலாம் போ. நான் இருக்கேன்ல?" என்றேன். என்னிடம் ஒரு யோசனையும் கிடையாது. ஆனால் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

அந்த வாரமே முத்தையா வந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், தோளில் துண்டு. ஒரு பழைய மோதிரத்தைப் பலகையில் வைத்தார். கல்யாணத்துக்கு மாமனார் போட்டதாம், விரல் தடித்து இப்போது ஏறவில்லையாம்.

"இதை அழிச்சு பாப்பாவுக்குக் கம்மல் பண்ணும்மா. சின்னவன் எதுவும் பண்ணச் சொல்லி வந்தானா?"

"இல்லண்ணே."

"வந்தாலும் வருவான். அவன் பண்ணுறதை விட என்னோடது எடுப்பா தெரியணும்."

"சரிண்ணே."

நாலு நாள் கழித்து பாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். புதிதாக வாங்கிய தங்கக் காசு ஒன்று. "அண்ணன் எம்புட்டு பெருசா போடுறாரோ, அதை விட ஒரு சுத்து பெருசா வேணும்க்கா."

"உங்க அண்ணன் என்ன போடுறார்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"தெரிஞ்சா அதை விடப் பெருசு."

"சரி தம்பி."

இருவருக்கும் சரி சொல்லிவிட்டு என் இஷ்டத்துக்குத்தான் செய்தேன். அந்தக் காது எனக்குத் தெரியும். கறிவேப்பிலை கனத்துக்கு ஒரு மடல். அதில் இவர்கள் மானத்தையும் ரோஷத்தையும் தொங்கவிட முடியாது. குழந்தைக்கென்று என்னிடம் இருந்தது ஒரே அச்சு. ஆறு இதழ்ப் பூ, நடுவில் கடுகளவு சிவப்புக் கல். நாலும் ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே கல். யாருடையது முதலில் ஏறுவது என்பதற்கு என்னிடம் மருந்தில்லை. பெரியது சின்னது என்கிற சண்டையையாவது ஒழித்துவிடலாம் என்று கணக்கு.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்து, ஆளுக்கு ஒரு டப்பாவில் ஒரு ஜோடி போட்டு வைத்தேன். மீந்த தங்கத்தைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொண்டேன், விசேஷம் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று.

பதினொன்றும் பதினொன்றும்

கோயிலில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்க்க நேரமில்லை. அண்ணன் ஒரு பக்கமிருந்து மேளத்தோடு சீர் கொண்டுவந்தார், தம்பி இன்னொரு பக்கமிருந்து வேட்டோடு கொண்டுவந்தார். பழம், தேங்காய், பாவாடை சட்டை, பொம்மை, வெல்லம். ஆளுக்குப் பதினொரு தட்டு. கடைசித் தட்டில் கம்மல் டப்பா.

பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். நான் குழாயடிக்குக் கை கழுவப் போனேன். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்துவிட்டது.

செல்வராணியின் மாமியார் தட்டை எண்ணியிருக்கிறார். இருபத்திரண்டு. "அடி ஆத்தீ, ரெட்டைப்படையில சீரா? ஒத்தைப்படையில வைக்கணும்னு ஒருத்தருக்கும் கூறு இல்லையா?" என்று பதறியிருக்கிறார். தனித்தனியாக எண்ணினால் இரண்டும் ஒற்றைப்படைதான். ஆனால் சாமிக்கு முன்னால் சேர்ந்து இருக்கிறதே! ஒரு தட்டைக் குறைத்தாக வேண்டும். எதைக் குறைப்பது? கனமில்லாத தட்டு எதுவோ அது. இரண்டு கம்மல் தட்டையும் ஒன்றாக்கினார்.

அதோடு விட்டாரா? பிளாஸ்டிக் டப்பாவோடு சாமிக்கு வைக்கக் கூடாதென்று, இரண்டையும் திறந்து மஞ்சள் அரிசியில் கவிழ்த்தார். மேலே ஒரு பூவையும் வைத்தார்.

மனதில் ஒரு கள்ளமும் கிடையாது அந்த அம்மாவுக்கு. "இப்ப இருபத்தொண்ணு. இனி பூசையை ஆரம்பிங்க" என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் ஈரக் கையோடு திரும்பி வந்தேன்.

பாண்டி தட்டைக் குனிந்து பார்த்தார். "என்னக்கா, நாலும் ஒண்ணு போல இருக்கு? ஒரு சுத்து பெருசால்ல கேட்டேன்?"

"பிள்ளை காது எம்புட்டு இருக்குன்னு பார்த்தீங்களா தம்பி? அதுல ஆட்டுக்கல்லையா கட்டித் தொங்கவிடச் சொல்லுறீங்க?"

சிலர் சிரித்தார்கள். முத்தையா சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஏம்மா, இதுல எது என்னோடது?

"தெரியல"

எனக்குத் தெரிந்தது. குனிந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

பெரியவர் கொடுத்தது பழைய மோதிரம். அதில் செம்பு கொஞ்சம் தூக்கல். சின்னவருடையது புதுக் காசுத் தங்கம். அருகருகே வைத்து, நல்ல வெயிலில், தொழில்காரர் பார்த்தால் மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு தெரியும். அந்தக் காலை வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. சாமணத்தால் இரண்டிரண்டாகப் பிரித்து, "இது அண்ணனோடது, இது தம்பியோடது" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் ஊரே மூக்கில் விரலை வைக்கும்.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, ஆசையாக இருந்தது.

அப்போது செல்வராணியைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தாள். எனக்கு ஒரு சாடையும் காட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டு, குழந்தையின் ஒரு காதை உள்ளங்கையால் மூடியிருந்தாள். யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிற மாதிரி.

ஒவ்வொரு கம்மலாக எடுத்தேன். திருப்பினேன். கண்ணருகே கொண்டுபோனேன். வேண்டுமென்றே நேரமெடுத்துக்கொண்டேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

"என்னது?"

"எது யாருதுன்னு தெரியல. ஒரே அச்சு. கலந்துபோச்சு."

கூட்டத்தில் எவனோ ஒருவன், "கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லும்னாய்ங்க, கண்ணைத் தொறந்துக்கிட்டே தெரியலையாம்ல மாப்ள!" என்றான். கொல்லென்று சிரிப்பு. பக்கத்து ஊர் ஆசாரி ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்காமல், எனக்காக வருத்தப்படுகிற முகத்தோடு தலையை ஆட்டினார். சிரித்தவர்களைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் சேர்த்த பெயரை நானே எடுத்து மண்ணில் போட்டது போல் இருந்தது. அழுகைகூட வந்தது, வரவிடவில்லை.

மடி ஒருவர், தலை ஒருவர்

கோபம் வந்தால் எனக்கு வேலை வேகமாக ஓடும். "நின்னு சிரிச்சது போதும். நல்ல நேரம் போகுது. அண்ணே, நீங்க மூத்தவரு, சம்மணம் போட்டு உக்காருங்க, மடியில பிள்ளையை வைங்க" என்றேன். முத்தையா உட்கார்ந்தார்.

"தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். பிள்ளை அசைஞ்சா காது கோணிப் போகும், ஆயுசுக்கும் கோணல்தான். பாண்டித் தம்பி, என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? வந்து தலையைப் பிடிங்க."

இதில் தந்திரம் ஒன்றும் கிடையாது. காது குத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மடிக்கு ஒருவர், தலைக்கு ஒருவர் இல்லாமல் ஊசி பிடிக்கக் கூடாது. பாண்டி முதலில் பாப்பாவின் காதைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணனுக்கு எதிரே மண்டி போட்டார்.

இரண்டு காதிலும் குங்குமப் பொட்டு வைத்தேன். தட்டிலிருந்து இரண்டு கம்மலை எடுத்தேன். எந்த இரண்டு என்று பார்த்துத்தான் எடுத்தேன். ஒன்று பழைய மோதிரம், ஒன்று புதுக் காசு.

முதல் காதில் ஊசி இறங்கியதும் பாப்பா வீறிட்டது. காலால் விட்ட உதை முத்தையாவின் கண்ணில் பட்டு, அவர் கண்ணீரோடு முழித்தார்.

"அண்ணே, காலைப் பிடி, உதைக்கிறா!" என்று கத்தினார் பாண்டி.

"பிடிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்! நீ தலையை ஆடாமப் பிடி!"

"ஆடல, நீ கையை மாத்து!"

நான் இரண்டாவது காதையும் குத்தித் திருகாணியை முடுக்கினேன். கடைசிச் சுற்றில் அந்த இறுக்கம் விரலுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் சனமெல்லாம் அண்ணன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வராணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். சில வருஷம் கழித்து அவள் அண்ணன்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவர்களுக்கே அது உறைத்திருக்க வேண்டும். இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் கையை எடுக்கவில்லை, பாப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தது.

மேளம் மறுபடி எழும்பியது. செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்த மற்ற இரண்டு கம்மலையும் எடுத்தாள். பெரியண்ணன் கையில் ஒன்று, சின்னண்ணன் கையில் ஒன்று. "அடுத்த பிள்ளைக்கு வேணும்ல? ஆளுக்கு ஒண்ணா பத்திரமா வச்சிருங்க. அன்னைக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

ஒற்றைக் கம்மலை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்ய முடியும்? இரண்டு பேரும் அதை உள்ளங்கையில் வைத்துப் பேந்தப் பேந்த விழித்தார்கள். எனக்கே அந்த யோசனை வரவில்லை. நான்தான் கெட்டிக்காரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே!

பந்தியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒரே பந்தி. ஒருவருக்கொருவர் ரசம் கேட்டுக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதினால் அது பொய். ஆனால் எவரும் எழுந்து போகவில்லை. நானும் நன்றாகச் சாப்பிட்டேன். கறி அருமையாக இருந்தது.

ஜன்னலோரம்

ஊருக்குள் என் மானம் கொஞ்ச நாள் கப்பலேறியது. "கம்மலக்காவுக்குக் கண்ணு போச்சாம்" என்று ஒரு பேச்சு. இரண்டு பேர் வேறு ஆசாரியிடம் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர், "கண்ணாடி போட்டுக்கிறியா?" என்று கிண்டல் செய்தார். அன்று தெருமுனையில் அவருக்கு நான் பருத்திப்பால் வாங்கித் தரவில்லை.

புண் ஆறியதா என்று காட்ட செல்வராணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நன்றாக ஆறியிருந்தது. திருகாணியை இரண்டு பக்கமும் தளர்த்தி, தேங்காயெண்ணெய் விட்டு, மறுபடி முடுக்கினேன். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் இரண்டு பூவும் மின்னின. ஒன்றில் அந்தப் பொட்டுச் சிவப்பு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நெசமாவே உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியாமயா? நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? இப்பக்கூட சொல்லுவேன், இந்தக் காதுல இருக்குறது..."

அவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். எண்ணெய்க் கை. பாப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு சிரித்தது.

"வேணாம்க்கா, சொல்லிராதீங்க. தெரிஞ்சுபோச்சுன்னா, இவளைத் தூக்குறப்பெல்லாம் நான் ஒரு காதைத்தான் பார்ப்பேன்."

கையை எடுத்த பிறகும் எந்தக் காதில் எது என்று நான் சொல்லவில்லை. பாப்பா இப்போது பாலிடெக்னிக் போகிறாள். இதைப் படித்துவிட்டு அவளே வந்து நின்று கேட்டாலும், தெரியல என்றுதான் சொல்லப்போகிறேன்.